மாற்றம் வேண்டாம் என்றால் பிற்போக்குவாதியா?

கேள்வி: கீழமாசி வீதி கணக்கர்

எல்லாருக்கும் வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அரசியல் சொற்களைச் சரியாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் பகுதி வியாபாரிகள் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. குடோன்களை எல்லாம் ரிங் ரோட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடலாம், பெரிய லாரி எதுவும் ஊருக்குள் வர வேண்டாம், அங்கே போர்க்லிப்ட் வைத்து சரக்கை இறக்கிக்கொள்ளலாம், கடையில் சாம்பிளும் பில் புத்தகமும் இருந்தால் போதும் என்றார்கள். பாதிப் பேர் கை தட்டினார்கள். நான் எழுந்து, லோடுமேன்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லாமல் இதை முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னேன்.

நான் தினமும் பார்ப்பது அவர்களைத்தான். விடிவதற்கு முன்னால் லாரியின் பின்கதவைத் திறந்து, மூட்டையில் கொக்கி போட்டு இழுத்து, சும்மாடு வைத்த தலையில் ஏற்றிக்கொண்டு, ஆள் ஒதுங்கக்கூட இடமில்லாத சந்துக்குள் போய் அடுக்குவார்கள். எத்தனை மூட்டை என்று துண்டுச்சீட்டில் குறிப்பது என் வேலை. சாயங்காலம் அந்தச் சீட்டை வைத்துத்தான் கூலியைப் பிரிக்கிறார்கள். ரிங் ரோட்டுக்கு இவர்கள் எப்படிப் போவார்கள், போனால் அங்கே வேலை இருக்குமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மேடையில் இருந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "இப்படிப் பிற்போக்குவாதிகள் இருக்கிற வரைக்கும் மதுரை பெரிய கிராமமாத்தான் இருக்கும்" என்றார். அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என்னைப் பழமைவாதி என்று எழுதினார். இன்னொருவர் "வலதுசாரி மனநிலை" என்றார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன், "மாமா, உங்களை மாதிரி ஆளுக்கு லுட்டைட்டுன்னு பேரு" என்றான்.

இவை எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்களா? ஒவ்வொன்றும் அரசியலில் யாரைக் குறிக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதில் என்னை நான் எப்படிச் சொல்லிக்கொள்வது?

பதில்: வில்லாபுரம் சேகர்

அண்ணே, எங்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கம், பத்தாம்பசலி, கட்டுப்பெட்டி என்பார்கள். அதெல்லாம் ஆளின் சுபாவத்தைச் சொல்வது. மேடையில் சொன்னது நீங்கள் அரசியலில் எந்தப் பக்கம் என்று சொல்வது. அதனால்தான் உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் அம்மாவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, லோடு இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் நாங்கள் போன ஆட்டோ மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் மனது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லாரி வெளியே போக வேண்டும் என்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. அதையும் மனுவில் ஒப்புக்கொள்ளுங்கள்.

பதில்: எஸ்.எஸ். காலனி பழைய புரூப்காரர்

தம்பி, பத்திரிகை ஒன்றில் நீண்ட காலம் புரூப் பார்த்தவன் நான். நீங்கள் கேட்கும் சொற்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் அச்சுக்குப் போயின. அவற்றை மாற்றி மாற்றிப் போடும்போதெல்லாம் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றிருக்கிறேன். ஏனென்றால் இந்த நான்கும் நான்கு வேறு சண்டைகளில் பிறந்தவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஆளே மாறிவிடுவார்.

வலதுசாரி என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1789ல் பிரெஞ்சு தேசிய சபையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இருக்க வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அங்கிருந்து வந்த பெயர். இன்று அதற்குள் மதம், சந்தை, தேசியம் என்று பல சரக்கு ஏறிவிட்டது. கூலிக்காரர்களுக்காகப் பேசின உங்களை அந்தப் பக்கம் உட்கார வைத்தவர் சொல்லின் அர்த்தம் தெரியாமல் சொல்லியிருக்கிறார். விடுங்கள்.

பழமைவாதி என்பது அத்தனை எளிதாகத் தள்ளிவிடக்கூடிய சொல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. பல தலைமுறை சேர்ந்து கட்டியதை ஒரு நாளில் இடிக்காதே, மாற்றுவதாக இருந்தால் பகுதி பகுதியாக மாற்று, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று பார் என்பதுதான் அது. 1790ல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கைத்தான் இதற்கு மூலவர் என்பார்கள். அவரே, மாறுவதற்கு வழியில்லாத அரசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் வழியில்லாதது என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றும் நம் பக்கத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்காட்டு நவாபின் கடன் என்ற பெயரில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் கர்நாடகச் சீமையைச் சுரண்டியதை 1785ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கிழித்துப் பேசியவர் இதே பர்க்தான். வங்காளத்தில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் குற்றச்சாட்டு கொண்டுவந்ததும் அவர்தான். நிதானமான பழமைவாதி அநியாயத்துக்குத் துணை போக வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் எது பழமை என்பது நாட்டுக்கு நாடு மாறும். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கவிழ்க்கப் பார்த்தவர்களை ஏஜென்சி செய்திகள் பழமைவாதிகள் என்று எழுதின. அவர்கள் கம்யூனிஸ்டுகள். எங்கள் ஆபீஸில் அன்று ராத்திரி இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கம்யூனிஸ்டு எப்படிப் பழமைவாதி ஆவான் என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். எழுபது வருஷமாக இருக்கும் ஆட்சிமுறை அப்படியே இருக்கட்டும் என்பவன் அந்த நாட்டில் பழமைவாதிதான். எதைக் காக்கிறான் என்று சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் சொன்னால் செய்தி முழுசாகாது.

பிற்போக்குவாதி வேறு ஆள். பழமைவாதி இருப்பதைப் பிடித்துக்கொள்கிறார். பிற்போக்குவாதி நடந்து முடிந்த மாற்றத்தை ரத்து செய்து முன்பிருந்த நிலைக்குத் திரும்பச் சொல்கிறார். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் 1794ல் வீழ்ந்த பிறகு பிரான்சில் அரசியல் ஏச்சாகப் பரவியது இது. எனக்கு ஒரு எளிய சோதனை உண்டு. எந்தத் தேதிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பேன். பிற்போக்குவாதியிடம் ஒரு தேதி இருக்கும்.

நம் ஊர் உதாரணமே போதும். 1939 ஜூலை 8. காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலான ஐந்து தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு உள்ளே விட்டார். பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, இனி பூஜை செய்ய மாட்டோம் என்றார்கள். நுழைந்தவர்களைக் காக்க ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. ஜூலை 7 வரை கதவைத் திறக்காதே என்று வாதாடியவரைப் பழமைவாதி என்று நான் எழுதுவேன். ஜூலை 9 முதல், கோயிலை முன்பிருந்தபடி ஆக்கு என்றவர் பிற்போக்குவாதி. ஒரே மனிதராக இருந்தாலும் சொல் மாறிவிடும், ஏனென்றால் நடுவில் ஒரு கதவு திறந்துவிட்டது.

நுழைவை எதிர்த்தவர்கள் தங்களைச் சனாதனிகள், அதாவது பழைய சாஸ்திர முறையைக் காப்பவர்கள், என்று சொல்லிக்கொண்டார்கள். காந்தியும் தன்னைச் சனாதன இந்து என்றுதான் சொல்லிக்கொண்டார். கோயில் எல்லாருக்கும் திறந்த பிறகே, 1946ல், மீனாட்சியைப் பார்க்க வந்தார். அதனால் ஒருவர் தனக்கு வைத்துக்கொள்ளும் பெயரைக் கொண்டு அவரை அளக்க முடியாது. வெளித்தோற்றமும் உதவாது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில், நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அதே காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு அரைவேட்டிக்கு மாறினார். பார்ப்பதற்கு இருநூறு வருஷம் பின்னால் போனது போலத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய அரசியல் மாற்றத்தை இந்த ஊர் எத்தனை முறை பார்த்திருக்கிறது?

ராஜாஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939ல் கோயில் நுழைவுச் சட்டம். 1953ல் பள்ளி நேரத்தைக் குறைத்துக் கொண்டுவந்த கல்வித் திட்டம், அதைக் குலக்கல்வி என்று ஊரே எதிர்த்தது, அடுத்த வருஷம் பதவியை விட்டார். 1959ல் சுதந்திராக் கட்சி, அதை வலதுசாரிக் கட்சி என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். அவருக்கு ஆயுளுக்கும் ஒரே சொல்லைப் போடச் சொன்னால் எந்தச் சொல்லைப் போடுவீர்கள்? ஒரு பிரச்சினையில் ஒருவர் எங்கே நின்றார் என்பதைத்தான் சொல்ல முடியும்.

கடைசியாக லுட்டைட். உங்கள் அக்கா மகன் திட்டுவதாக நினைத்துச் சொல்லியிருப்பான். அந்த மனிதர்களைப் பற்றி அவனுக்கு யாராவது முழுசாகச் சொல்ல வேண்டும். 1811ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கம் காலுறை பின்னும் தொழிலாளிகள் ராத்திரியில் பட்டறைக்குள் புகுந்து பின்னல் தறிகளை உடைத்தார்கள். அதனால் இயந்திரம் என்றாலே வெறுப்பவர்கள் என்று பெயர் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் காலுறைத் தறி 1589லேயே வந்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் அதில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள்தான் அவர்கள். பிரச்சினை எங்கே வந்தது என்றால், முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், தொழில் பழகாத ஆளை உட்கார வைத்தார்கள், அகலத் துணியை நெய்து வெட்டித் தைத்து மட்டமான காலுறையைச் சந்தையில் தள்ளினார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவரின் தறியைப் பெரும்பாலும் தொடவில்லை. ஒரே ஊரில் ஒரு பட்டறை உடைந்து கிடக்கும், அடுத்த பட்டறை ஓடிக்கொண்டிருக்கும். 1812ல் தறியை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் பேசியவர் கவிஞர் பைரன். அவர் அங்கே பேசிய முதல் பேச்சே அதுதான்.

நம் நாட்டிலேயே கைத்தறிக்கென்று சில துணி ரகங்களை ஒதுக்கி, விசைத்தறியில் அவற்றை நெய்யக் கூடாது என்று 1985ல் மத்திய அரசு சட்டம் போட்டது. செல்லூரில் தறி வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சட்டத்தை லுட்டைட் சட்டம் என்று யாரும் சொல்லவில்லையே.

ஆக, உங்களிடம் திரும்பிப் போகச் சொல்லும் தேதி எதுவும் இல்லை. குடோன் ஊருக்குள்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கையும் இல்லை. மாற்றத்தின் செலவை யார் தலையில் வைக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். லாரியை வெளியே அனுப்பும் திட்டத்தில் கடைக்காரருக்கு வாடகை மிச்சம், ஊருக்குச் சாலை மிச்சம், நஷ்டம் முழுக்கச் சும்மாடு கட்டியவருக்கு. இதைச் சொன்னவருக்கு அரசியலில் தொழிலாளர் பக்கம் பேசுபவர் என்றுதான் பெயர். அதுவும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975ல் பிறந்த ஊரில் கூலிக்காகப் பேசியவரைப் பிற்போக்கு என்று மேடையில் சொன்னார்கள் என்றால், எனக்குப் படித்தபோதே கோபம் வந்தது.

பதில்: கீழமாசி வீதி கணக்கர்

ஐயா, இரண்டு முறை படித்தேன். தேதி கேட்கும் சோதனை நன்றாகப் புரிந்தது. சேகர் தம்பி சொன்னதையும் எடுத்துக்கொள்கிறேன், ஆம்புலன்ஸ் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். நிதானமாக மாறுவோம் என்பதுதான் பழமைவாதி என்றால், மனுவில் "நான் பழமைவாதிதான்" என்று தைரியமாகவே எழுதிவிடலாமா?

பதில்: உசிலம்பட்டி டீச்சர்

எழுதாதீர்கள் அண்ணே. புரூப்காரர் ஐயா சொன்ன பர்க் எல்லாம் சரி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குள் யார் யார் ஒளிந்துகொண்டார்கள் என்று பார்த்தவள் நான்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. யாரும் வேட்புமனு போட மாட்டார்கள். அப்படியே ஊர் சொன்ன ஆள் நின்று ஜெயித்தால், பதவி ஏற்ற கையோடு ராஜினாமா. 2006ல்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து வருஷமும் எங்களிடம் சொல்லப்பட்ட காரணம் "ஊர் வழக்கம்". பேப்பரிலும் "பழமையில் ஊறியவர்கள்" என்று எழுதினார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது 1994, இரண்டே வருஷத்தில் அதில் என்ன பழைய வழக்கம் வந்துவிடும் என்று.

மேலூர்ப் பக்கம் மேலவளவில் அதே 1996 ஒதுக்கீட்டில் ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். இதைச் செய்தவர்களை மாற்றத்தை விரும்பாதவர்கள் என்று சொல்வதா?

உத்தப்புரம் சுவரும் அப்படித்தான். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் நின்ற அந்தச் சுவர் கட்டப்பட்டது 1989ல். ராஜராஜன் காலத்துச் சுவர் இல்லை, நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துச் சுவர். 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை அதிகாரிகள் இடித்து வழி விட்டபோது, எதிர்த்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் காத்தது பழமையை இல்லை. யார் எந்த வழியில் நடக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் காத்தார்கள். அதற்குச் சரியான சொல் சாதி ஆதிக்கம். பழமைவாதம் என்று மரியாதையாகச் சொன்னால், சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுப்பது போலாகிவிடும்.

உங்கள் கதை வேறு, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லை நீங்களாக எடுத்து மாட்டிக்கொண்டால், நாளைக்கு அதே கூட்டத்தில் "நாங்களும் பழமைவாதிதான், இந்தச் சந்தில் இன்னார்தான் மூட்டை தூக்கணும்" என்று ஒருவர் எழுந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பதில்: அரிட்டாபட்டிப் பக்கத்து விவசாயி

டீச்சர் அக்கா சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல நிறைய இல்லை. ஆனால் கணக்கர் அண்ணன் நின்ற இடத்தில் எங்கள் ஊர்களும் நின்றிருக்கின்றன, அதனால் எழுதுகிறேன்.

2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எங்கள் பகுதியை ஏலம் விட்ட செய்தி வந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர். எதிர்த்துப் பேசினவுடனே வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பட்டம் கொடுத்தார்கள். டிவி விவாதத்தில் ஒருவர் எங்களை மாற்றத்துக்குப் பயந்தவர்கள் என்றார். எங்கள் கூட்டங்களில் அந்தப் பட்டத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பெரியவர்கள் கண்மாய் கண்மாயாகப் பெயர் சொன்னார்கள். எந்த ஊற்று எந்தக் கண்மாய்க்குப் போகிறது, எந்த மடை எந்த வயலுக்குத் திறக்கிறது, எந்த மலையில் தமிழி என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது, எந்தப் பாறையில் குடைவரைக் கோயில் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் சேர்த்து 193 ஹெக்டேர் 2022லேயே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினோம்.

டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரை வரை நடந்தோம். என் பெரியம்மா முழங்கால் வலியோடு வந்தார், நடுவில் வண்டியில் ஏற மறுத்துவிட்டார். அந்த மாதம் 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

எங்களில் எல்லா விதமான ஆளும் இருந்தார்கள். எல்லாக் கட்சியும், கட்சியே இல்லாதவர்களும். டிராக்டர், டிரோன், சொட்டுநீர் என்று புதுசாக என்ன வந்தாலும் முதலில் வாங்குகிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதுவான பெயர் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் இந்தச் சுரங்கம் வேண்டாம் என்பதில் ஒன்றாக நின்றோம். அண்ணனும் லோடுமேன்களின் பெயர், வயது, எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்று எழுதி மனுவோடு வைக்கட்டும். கேட்கிறவருக்கு அது புரியும்.

பதில்: கீழமாசி வீதி கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். நம் சந்திலேயே இன்ன ஆள்தான் தூக்கலாம் என்ற பேச்சு ஒரு காலத்தில் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது திரும்பி வரக் கூடாது.

ராத்திரி உட்கார்ந்து எழுதியதை இங்கே போடுகிறேன், ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்:

"ஐயா, நான் பிற்போக்குவாதி அல்ல, வளர்ச்சிக்கு எதிரியும் அல்ல. லாரிகளால் ஆம்புலன்ஸ் தடைபடுவதை நானும் அறிவேன். குடோன்களை வெளியே கொண்டுபோவதை ஒரேயடியாகச் செய்யாமல், முதலில் அரிசி, சர்க்கரை போன்ற கன சரக்குகளுக்கு மட்டும் செய்து பார்க்கலாம். இப்போது வேலை செய்யும் சுமைதூக்குவோர் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். புதிய இடத்தில் அவர்களுக்கே முதலில் வேலை தர வேண்டும். போர்க்லிப்ட் ஓட்ட அவர்களில் இளையவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விடியற்காலையில் அவர்கள் வந்துபோக வாகன ஏற்பாடு வேண்டும். வேலை இழப்பவர்களுக்கு என்ன ஈடு என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும்."

பதில்: எஸ்.எஸ். காலனி பழைய புரூப்காரர்

டீச்சரம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் ஆபீஸிலும் "ஊர்க்கட்டுப்பாடு" என்ற சொல்லைச் செய்தியில் அப்படியே விடுவதா என்று கேட்டு வந்த இளம் நிருபர்கள் உண்டு. யார் போட்ட கட்டுப்பாடு, யார்மேல் போட்டது என்று சேர்த்து எழுதச் சொல்வேன்.

தம்பி, மனு நன்றாக இருக்கிறது. முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். மேடையில் ஒருவர் வாய்க்கு வந்தபடி சொன்னதை நீங்களே எழுத்தில் கொடுத்தால், கூட்டக் குறிப்பில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்தான் ஏறும். அடுத்த கூட்டமும் நீங்கள் யார் என்பதைப் பற்றியே நடக்கும், லோடுமேன்களைப் பற்றி நடக்காது. "ஐயா" போட்டு நேராக ஆம்புலன்ஸ் வரியில் தொடங்குங்கள். எதிர்த்தரப்பு மறுக்க முடியாத வரி அது, அதைக் கேட்டுத் தலையாட்டியவர் அடுத்த வரியையும் கேட்பார்.

"ஈடு" என்பதோடு நிறுத்தாமல் ஒரு வரி சேருங்கள். 1982ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நலவாரியம் இருக்கிறது, சுமைதூக்குவோரும் அதில் வருவார்கள். உங்கள் பட்டியலில் யார் யார் பதிந்திருக்கிறார்கள், யார் பதியவில்லை என்று ஒரு பத்தி போடுங்கள். பதியாதவர்களை இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். கூலி பிரித்த பழைய துண்டுச்சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இன்னார் இத்தனை வருஷம் இங்கே வேலை செய்தார் என்பதற்கு உங்கள் கையெழுத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

"கன சரக்கு" என்பதை "கனமான சரக்கு" என்று மாற்றுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகச் செயலாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.